மழைக்கால முகாமுக்கு எவ்வளவு திட்டம் போடலாம், ஆவியானவருக்கு எங்கே இடம் விடுவது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்கள் சேகரத்து (ஒரே ஆயரின் கீழுள்ள சபைகளின்) வாலிபர் ஐக்கியம் நவம்பர் கடைசியில் இரண்டு இரவு, மூன்று நாள் தியான முகாம் நடத்துகிறது. 45 பேர். செய்தி கொடுப்பவர் கோவையிலிருந்து வருகிறார். குழுவில் பாதிப்பேர் நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி நிரல் வேண்டும் என்கிறார்கள். மீதிப்பேர், "இவ்வளவு திட்டம் போட்டால் ஆவியானவருக்கு எங்கே இடம்? யாக்கோபு நான்காம் அதிகாரத்தைப் படியுங்கள்" என்கிறார்கள். சொந்த வாழ்க்கையிலும் எனக்கு இதே குழப்பம்தான். எது சரி?

பதில்:

தம்பி, உங்கள் குழுவின் இரண்டு பக்கமும் ஒரே தவறான எண்ணத்தில்தான் நிற்கிறது. திட்டம் கூடக்கூட எதிர்பாராததற்கு இடம் குறையும் என்று இரு பக்கமும் நம்புகிறது. முகாம் நடத்திப் பார்த்தால் தெரியும், விஷயம் நேர்மாறு. அரிசி, வண்டி, தண்ணீர், படுக்கை எல்லாம் முன்பே முடிவான முகாமில்தான், ராத்திரி பத்து மணிக்கு அழுதுகொண்டு வந்து நிற்கும் ஒரு பிள்ளையோடு உட்கார யாராவது ஓய்வாக இருப்பார்கள். ஒன்றுமே முடிவாகாத முகாமில் செயலாளர் மூன்று நாளும் கேஸ் சிலிண்டருக்கு அலைவார். அவர் காதில் எந்த மெல்லிய சத்தம் விழப்போகிறது?

யாக்கோபு 4:13-16ஐ முழுதாகப் படியுங்கள். அதில் வரும் வியாபாரிக்கு நாள், ஊர், ஒரு வருஷக் காலம், கொள்முதல், லாபம் எல்லாம் கணக்கில் இருக்கிறது. யாக்கோபு அந்தக் கணக்கைக் கிழித்துப்போடச் சொல்லவில்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்" என்று சொல்லச் சொல்கிறார். இன்னின்னது என்ற பட்டியல் அப்படியே இருக்கிறது. அவர் கண்டிப்பது 16ஆம் வசனத்தில் வரும் வீம்பை. பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது (1 கொரி. 16:5-9) மக்கெதோனியா வழியாக வருவேன், முடிந்தால் மழைகாலம் உங்களோடு தங்குவேன், பெந்தெகொஸ்தே வரை எபேசுவில் இருப்பேன் என்று பயணத் திட்டத்தையே எழுதுகிறார். நடுவில், கர்த்தருக்குச் சித்தமானால் என்ற ஒரு வரி.

இங்கே ஒரு குட்டிக் குறை சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் "கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்" என்றால் பெரும்பாலும் வரமாட்டேன் என்று அர்த்தம். 45 பேருக்கு உலை வைக்கிறவருக்கு அந்தப் பதில் உதவாது. பெயர்ப் பதிவுத் தாளில் "வருவேன்", "வரமாட்டேன்" என்று இரண்டு கட்டம் மட்டும் போடுங்கள். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொல்லும் மத்தேயு 5:37 அதைத்தான் கேட்கிறது.

இனி முகாமுக்கு வருவோம். முதல் கேள்வியே தேதி. கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் போல ஜூன், ஜூலையில் கொட்டுவதில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே முடிந்தால் முகாமைப் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். ஜனவரியில் உறைபனி, ஆனால் ரோடு காய்ந்திருக்கும். பிப்ரவரியில் இரண்டு தொல்லையும் குறைவு.

"பயந்து தேதியை மாற்றுவது விசுவாசமா?" என்று யாராவது கேட்டால் அப்போஸ்தலர் 27ஐக் காட்டுங்கள். நோன்பு நாள் கழிந்துவிட்டது, கடற்பயணத்துக்குக் காலம் தப்பிவிட்டது, போகவேண்டாம் என்று சொன்னவர் பவுல். அதற்கு முன்பே மூன்று முறை கப்பற்சேதம் கண்டவர் அவர் (2 கொரி. 11:25). அவரைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோன நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் சொந்தக்காரனையும் நம்பினான், அதிகம் பேர் போகலாம் என்றார்கள், கப்பல் போயிற்று. 276 பேரும் பிழைத்தது தேவகிருபை. அதற்காகப் புறப்பட்டது சரி என்று ஆகிவிடாது.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, கல்லூரி விடுமுறை அப்போதுதான், தேதியை மாற்றவே முடியாது என்றால், சாலையிலிருந்து ஆரம்பியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற இரண்டு வழி: பர்லியாறு வழியாகக் குன்னூர், குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி. ஒன்றில் மண்ணோ மரமோ விழுந்தால் எல்லா வண்டியும் மற்றதில் திரும்பும், அந்த ரோடும் திணறும். அதனால் செய்தி கொடுப்பவர் முதல்நாள் காலையில் கிளம்பி வருவது என்ற ஏற்பாடே வேண்டாம். முந்தின நாள் மத்தியானம் கிளம்பி, இருட்டுவதற்குள் மேலே வந்துவிடட்டும். மாலை மூடுபனியில் கொண்டை ஊசி வளைவு பழகாத டிரைவருக்கு நல்லதல்ல. வெளிமாவட்டக் காருக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அவரே எடுப்பார் என்று விட்டுவிடாமல் நீங்கள் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

முகாம் உண்டா இல்லையா என்பதை முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு முடிவு செய்யுங்கள். வானிலை மையம் மாவட்டத்துக்கு சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் ரத்து. ஆரஞ்சு என்றால் ஆயரும் ஒருங்கிணைப்பாளரும் பேசி முடிவெடுப்பது. இதை இப்போதே எழுதி வைத்துவிடவேண்டும். அன்றைக்கு மாலை உட்கார்ந்து விவாதித்தால், தைரியமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார், சரியாகப் பேசுகிறவர் அல்ல. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077 எல்லார் போனிலும் இருக்கட்டும்.

அடுத்தது சமையல். எதிர்பாராதது முதலில் வந்து நிற்கிற இடம் அதுதான். கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி பார்த்தால் கீழே போலத்தான் தெரியும், சூடு குறைவு. அண்டாவில் போடும் சோறு, பருப்பு இரண்டுமே தாமதமாகும். சமவெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டிவந்தால் முதல்நாள் மத்தியானச் சாப்பாடு முக்கால் மணி நேரம் தள்ளிப்போவது இதனால்தான். அது மத்தியான வேதபாடத்தைத் தள்ளும், அது மாலைக் கூட்டத்தைத் தள்ளும், ராத்திரி பதினொன்றுக்குப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். உலையை அரைமணி முன்னதாக வையுங்கள். பருப்புக்குப் பெரிய குக்கர் வாடகைக்கு எடுங்கள். கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப்போடுங்கள்.

அளவு: இளவட்டத்துக்கு வேளைக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி, 45 பேருக்கு ஏறக்குறைய ஏழு கிலோ. சாம்பாருக்குப் பருப்பு இரண்டு கிலோ. ஒரு டீக்கு ஆளுக்கு 80 மில்லி பால் என்றால் மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 19 கிலோ சிலிண்டர் இரண்டு இருக்கட்டும். குளிரில் ஒரே சிலிண்டரில் பெரிய அடுப்பை விடாமல் எரித்தால் நடுவில் அழுத்தம் இறங்கி, தீ சுருங்கிவிடும்.

இதற்கு மேல், ரோடு அடைத்து ஒரு ராத்திரி கூடத் தங்க நேர்ந்தால் ஒரு இரவு, ஒரு காலைக்கு வேண்டியதைத் தனி மூட்டையாகக் கட்டி வையுங்கள்: ரவை மூன்றரைக் கிலோ, கஞ்சிக்கு அரிசி மூன்று கிலோ, பச்சைப்பயறு ஒரு கிலோ, வெங்காயம் மூன்று கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டர், பால்பவுடர் ஒரு கிலோ (இரண்டு டீக்குத் தாங்கும்), மெழுகுவர்த்தி, டார்ச். மூட்டையின்மேல் "பிரிக்காதே" என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாள் காலையே உப்புமாவுக்கு ரவை போய்விடும். முகாம் முடிந்தும் பிரிக்காமல் இருந்தால் முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம்.

காற்றடித்து மரம் விழுந்தால் முதலில் போவது மின்சாரம், கூடவே மோட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்று சிக்கனமாகப் போட்டாலே 1,350 லிட்டர் ஆகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியும் 200 லிட்டர் டிரம் இரண்டும் முதல்நாள் மாலையே நிரம்பியிருக்கவேண்டும். மைக்குக்கு ஜெனரேட்டர் பற்றிக் கவலைப்படாதீர்கள். 45 பேருக்கு மைக் எதற்கு?

பணத்துக்கு ஆதியாகமம் 41 நல்ல கணக்கு தருகிறது. யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவைக்கச் சொன்னார். ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் மொத்தம் 67,500. அதில் 13,500ஐ எந்தத் தலைப்பிலும் சேர்க்காமல் வைத்துவிட்டு, மீதி 54,000த்துக்குள் முகாமை அடக்குங்கள். அடங்காவிட்டால் கட்டணத்தை ஏற்றுங்கள், அல்லது டீசர்ட் அச்சடிப்பதை விடுங்கள்.

நேரத்துக்கும் அதே ஐந்தில் ஒரு பங்குதான். காலை ஆறு முதல் இரவு பத்து வரை 16 மணி நேரம். அதில் மூன்று மணி நேரத்தை நிகழ்ச்சி நிரலில் "காலி" என்று எழுதியே அச்சடியுங்கள். இரண்டாம் நாள் மாலை நாலரை முதல் ஆறரை வரை ஒன்று, அதே நாள் காலையில் ஒரு மணி நேரம். இதில் எங்கே தவறும் என்றால், முகாமுக்கு இரண்டு நாள் முன்பு யாருக்காவது அந்தக் காலியைப் பார்த்துப் பயம் வந்து, "ஒரு கேம்ஸ் போட்டுவிடலாம்" என்பார்கள். விடாதீர்கள். அந்த நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்கு, ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும். தேவை எழுந்தால் ஒரு மணி நேரம் முன்பு அறிவிப்பார். எழாவிட்டால் பிள்ளைகள் நடக்கட்டும், தூங்கட்டும், ஆயரோடு தனியாகப் பேசட்டும். பல வருடம் கழித்து முகாமைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் நடந்ததைத்தான் பேசுகிறார்கள்.

எதைத் தொடக்கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சாப்பாட்டு வேளை, பெண்பிள்ளைகள் தங்கும் அறையில் மூத்த அக்கா ஒருவர் இருப்பது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டியல், காணிக்கைக் கணக்கு, திரும்பும் வண்டியின் நேரம். ஆவியானவர் நடத்துகிறார் என்று சொல்லி இவற்றில் கைவைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

உங்கள் இரண்டாம் அணி பதறும் இடம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. கூட்டம் முடியும் நேரம், பிள்ளைகள் உடைந்து ஜெபிக்கிறார்கள், கடிகாரம் ஒன்பதைத் தாண்டுகிறது. அப்போது மணியடிப்பதா? இப்படிச் செய்யுங்கள்: ஆசீர்வாதம் கூறிக் கூட்டத்தை நேரத்துக்கு முடித்துவிடுங்கள். பசிக்கிறவர்கள் சாப்பிடப் போகட்டும். இருக்க விரும்புகிறவர்கள் இருக்கட்டும். அவர்களோடு ஜெபிக்க ஆண் ஒருவர், பெண் ஒருவர் முன்பே நியமிக்கப்பட்டிருக்கட்டும். அவர்கள் பங்கு சாப்பாடு ஹாட்பாக்ஸில் மூடி இருக்கட்டும். இப்படி விட்டால் யார் உண்மையாகவே தங்கினார்கள் என்று தெரியும். எல்லாரையும் பிடித்துவைத்து இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று இழுத்தால், அழாதவன் தன்னைக் குற்றவாளியாக நினைத்து அழ முயற்சிப்பான். மேடையில் "கர்த்தர் நேரத்தை எடுத்துக்கொண்டார்" என்று சொல்லும்போது, பின்னால் மூன்று அக்காமார் பனித்தண்ணீரில் பாத்திரம் கழுவ நடுராத்திரி வரை காத்திருப்பார்கள். அவர்களுடைய நேரத்தையும் எடுத்தது யார்?

1 கொரிந்தியர் 14 இதற்கென்றே எழுதினாற்போல இருக்கிறது. இரண்டு மூன்று பேர் பேசட்டும், உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு ஏதாவது வெளிப்பட்டால் முதலில் பேசினவன் நிறுத்தட்டும் (14:29-30). எதிர்பாராததற்கு வழிவிடுவதையே பவுல் ஒரு விதியாக எழுதி வைக்கிறார். அதே அதிகாரம் முடிவது, சகலமும் கிரமமாய் நடக்கவேண்டும் என்ற வசனத்தில்.

செய்தி கொடுப்பவர் வராமலே போனால்? இரண்டு மணி நேரம் பாட்டுப் பாடி ஒப்பேற்றாதீர்கள். ஒரு வேதபகுதியை முன்பே தெரிந்தெடுத்து, ஐந்து கேள்வி எழுதி, 45 பிரதி எடுத்து வையுங்கள். ஏழெட்டுப் பேராக ஆறு குழு, நாற்பது நிமிடம் பேச்சு, குழுவுக்கு மூன்று நிமிடம் பகிர்வு. பகிர்வில் கடிகாரம் வைக்காவிட்டால் முதல் சாட்சியே அரைமணி எடுக்கும்.

சொந்த வாழ்க்கை பற்றிக் கேட்டீர்கள். அங்கே கடினம் வேறு மாதிரி: குறுக்கே வருகிற எல்லாமே கர்த்தருடைய அழைப்பா? இல்லை. மாற்கு 1:35-38இல் கப்பர்நகூமில் எல்லாரும் இயேசுவைத் தேடுகிறார்கள், தேவை உண்மையான தேவைதான். அவர் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று கிளம்பிவிடுகிறார். அதே மாற்கு 10இல் எருசலேமுக்குப் போகிற வழியில் பர்திமேயு கூப்பிட்டதும் நிற்கிறார், பயணத்தை ரத்து செய்யவில்லை. லூக்கா 10இல் அந்தச் சமாரியன் செய்ததைக் கவனியுங்கள். வழியில் கிடந்தவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், ஒரு ராத்திரி பார்த்துக்கொண்டான். மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேலே ஆகிற செலவைத் திரும்பிவரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போனான். அவனிடம் எண்ணெய் இருந்தது, பணம் இருந்தது, திரும்பும் பயணமும் முடிவாகி இருந்தது. உதவ முடிந்தது அதனால்.

இதிலிருந்து நடைமுறைக்கு மூன்று கேள்வி. குறுக்கே வந்தது ஒரு ஆளா, வெறும் ஆசையா? இதற்காக நான் மாற்றினால் விலை கொடுப்பது நானா, நான் வாக்குக் கொடுத்த வேறொருவரா? ஒரு ராத்திரிக்கானதா, வாழ்க்கைத் திசையையே திருப்புவதா? ஒரு ராத்திரிக்கானது என்றால் அங்கேயே முடிவெடுக்கலாம். திசை திருப்புவதற்கு அவசரம் கூடாது. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் நெல்லைச் சீமையில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1901 மார்ச்சில் கோயிலிலிருந்து தப்பிவந்த ஒரு சிறுமி அவரிடம் வந்தாள். அதோடு நிற்காமல் அடுத்தடுத்துக் குழந்தைகள் வரவே ஊர் சுற்றும் ஊழியம் நின்று, டோனாவூர் குழந்தைகள் இல்லம் உருவாயிற்று. பெரிய திருப்பம் பொதுவாக இப்படித்தான், ஒருமுறை தட்டிவிட்டுப் போய்விடாது.

வேலை, படிப்பு, வெளியூர் போவது போன்ற முடிவுக்கு அப்போஸ்தலர் 16:6-10ஐ வரிசையாகப் பாருங்கள். பவுலுக்கும் கூட இருந்தவர்களுக்கும் ஆசியாவுக்குப் போகத் திட்டம், தடை. பித்தினியாவுக்கு முயற்சி, தடை. துரோவாவில் தரிசனம். தரிசனம் கண்டது பவுல் ஒருவர், அதன் பொருளை நிச்சயித்தது கூட இருந்த எல்லாரும் சேர்ந்து. நீங்களும் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஜெபியுங்கள், முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள், உங்களைப் புகழாத இரண்டு பெரியவர்களிடம் கேளுங்கள். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (வேதவசனம் அச்சிட்ட சீட்டை) வைத்து வேலையை விடாதீர்கள். இன்னொன்று, இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்னது. பழனி மலையில் செண்பகனூரில் 1895 முதல் இருக்கும் இயேசு சபையார் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுப்பதும் அதுதான்: மனம் வறண்டு, ஜெபம் கசந்து கிடக்கும் நாளில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்களும் தாராளமாகக் கடைப்பிடிக்கலாம்.

வீட்டுக் கணக்கு: பச்சைத் தேயிலையை நம்பிய குடும்பம் என்றால், போன 12 மாதத்தில் எந்த மாதம் வரவு குறைவோ அதை வைத்து வீட்டுச் செலவைப் போடுங்கள். உறைபனி கருக்கிய மாதமும் விலை விழுந்த மாதமும் அதில் அடங்கிவிடும். கூட வந்த மாதத்தில் ஒரு பங்கைத் தனி உறையில் போடுங்கள். லேவியராகமம் 19:9-10இல் வயலின் ஓரத்தை அறுக்காமல் விடச் சொன்னது எளியவர்களுக்காக. யார் வரப்போகிறார் என்று தெரிந்து விடுவதல்ல அந்த ஓரம்.

முகாம் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. நிகழ்ச்சி நிரலின் பக்கத்தில் "நடந்தது", "ஏன்" என்று இரண்டு பத்தி போட்டு, ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். 1603இல் பெனிசியோ என்ற இயேசு சபைக் குரு, மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கேரளக் கரையிலிருந்து நீலகிரிக்கு ஏறிவந்தார். தேடியவர்கள் இல்லை. பார்த்தது தோடர்களையும் அவர்கள் எருமைகளையும். அதை அப்படியே எழுதி அனுப்பியதால் தோடர்களைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியக் குறிப்பு நமக்குக் கிடைத்தது. உங்கள் குறிப்பு அடுத்த செயலாளருக்குப் போதும். காலி நேரம் எப்படிப் போயிற்று, எந்தச் சாப்பாடு எத்தனை நிமிடம் தாமதம், ரவை மூட்டை பிரிந்ததா என்று இருக்கட்டும்.

ரத்தானால் பணம் என்ன ஆகும் என்று பெற்றோர் கேட்பார்கள். பதிவுத் தாளிலேயே போட்டுவிடுங்கள்: மண்டப அட்வான்ஸும் வாங்கிய மளிகையும் போக மீதி 15 நாளுக்குள் திரும்பும், மளிகை சேகரத்தின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகும். மண்டபக்காரரிடம் அட்வான்ஸை பிப்ரவரித் தேதிக்கு மாற்றித் தருவாரா என்று இப்போதே கேட்டு, சம்மதித்தால் ரசீதின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.